பியோம்கேஷ் ஏன் விட்டுவிட்டான்?

அன்புள்ள தெற்குக் கொல்கத்தா வாசகர் குழு நண்பர்களுக்கு,

ஒரு நாவலுக்காக நம் குழு இப்படி இரண்டுபட்டு நான் பார்த்ததில்லை. சரத் சந்திரரைப் படித்தபோது எல்லாரும் சேர்ந்து கண்கலங்கினோம். சரதிந்து பந்தோபாத்யாயவின் 'ஆதிம் ரிபு'வைப் படித்த பிறகு சேர்ந்து டீ குடிப்பதே கஷ்டமாகிவிட்டது. போன கூட்டத்தில் பேசியவர்களுக்கே நேரம் போதவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். குழுவுக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொலையாளி யார் என்பதை மட்டும் எழுதப் போவதில்லை. கொலையாளிக்கு என்ன ஆயிற்று என்பதை எழுதாமல் தீராது, நம் சண்டையே அதில்தான்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். 1946. கொல்கத்தாக் கலவரம் அடங்கியும் அடங்காமலும் இருக்கும் காலம். அனாதி ஹல்தார் என்கிற பணக்காரர், காளி பூஜை இரவில் வாணவேடிக்கைச் சத்தத்துக்கு நடுவே சுடப்பட்டுச் சாகிறார். வீட்டில் பிரபாத் என்ற வளர்ப்பு மகன், அவனை எடுத்து வளர்த்த நனிபாலா, ஓயாமல் குடிக்கும் கேஷ்டோ பாபு. வெளியே சொத்துக்குக் காத்திருக்கும் உறவுப் பையன்கள் இருவர், கள்ளத் துப்பாக்கி வியாபாரம் செய்யும் பாண்டுல் சர்தார் என்கிற பேட்டை ரவுடி, ஷியூலி என்ற பாடகிப் பெண். துப்பறிகிற பியோம்கேஷ் பக்ஷி உண்மையைக் கண்டுபிடிக்கிறான். கண்டுபிடித்து, நாடு விடுதலை பெறும் நேரத்தில், கொலையாளியைப் போலீஸிடம் கொடுக்காமல் விட்டுவிடுகிறான். செத்தவர் ஒளித்து வைத்திருந்த கறுப்புப் பணத்தை எரித்துவிடுகிறான்.

"துப்பறிகிறவன் செய்கிற வேலையா இது?" என்று ஒரு கட்சி. "இதுதான் மன்னிப்பு, இதுதான் இலக்கியம்" என்று இன்னொரு கட்சி. இந்த இரைச்சலில் அமுங்கிப்போன மூன்றாவது குரலும் ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். நம் குழுவிலுள்ள ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கோ கொலையைவிட நோட்டை எரித்ததுதான் பெரிய குற்றம். அவர் கோபத்தைப் பார்த்துச் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால், நாவலின் மையத்தைத் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

நமக்கு ஏன் இவ்வளவு அதிர்ச்சி என்று முதலில் பார்ப்போம். தமிழுக்கு வந்து சேர்ந்த வங்காளம் பெரும்பாலும் த.நா. குமாரஸ்வாமியும் த.நா. சேனாபதியும் கொண்டுவந்த வங்காளம். பங்கிம், தாகூர், சரத் சந்திரர். கண்ணீர் உண்டு, தியாகம் உண்டு, விதவையின் மௌனம் உண்டு. நம் ஊரிலேயே இருந்து மொழிபெயர்த்த சு. கிருஷ்ணமூர்த்தி 'நீலகண்டப் பறவையைத் தேடி' மூலம் பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்காளத்தைக் காட்டினார். துப்பறியும் வங்காளம் என்றால் நமக்கு ஃபெலூடா. சத்யஜித் ராய் 1965இல் 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகையில் எழுதத் தொடங்கிய கதைகள். குழந்தைகள் படிப்பது என்பதால் காமம் என்ற பேச்சே அங்கே கிடையாது. தமிழிலிருந்து நாம் சுமந்து வந்ததும் சங்கர்லால்தான். தேநீர் குடித்து, மூளையைத் தீட்டி, கடைசிப் பக்கத்தில் குற்றவாளியின் கையில் விலங்கு மாட்டவைக்கும் தமிழ்வாணனின் சங்கர்லால். பியோம்கேஷும் தேநீர் பிரியன்தான். ஒற்றுமை அதோடு சரி.

சரதிந்துவும் தொடக்கத்தில் இப்படி எழுதியவர் இல்லை. 1932இல் 'பதேர் காண்டா'. கிராமபோன் ஊசியைக் குண்டாக வைத்து நடுத்தெருவில் ஆளைக் கொல்கிறான் ஒருவன். எவ்வளவு உற்சாகமான கதை! 1936க்குள் பத்துக் கதைகள். அத்தோடு நிறுத்திவிட்டார். 1938இல் பம்பாய்க்குப் போய் பாம்பே டாக்கீஸுக்குத் திரைக்கதை எழுதினார். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகுதான் பியோம்கேஷ் திரும்பினான். இடையே என்ன நடந்தது? உலகப் போர், 1943 பஞ்சம், 1946 ஆகஸ்ட், பிரிவினை. 1952இல் சினிமாவை விட்டுவிட்டுப் புனேயில் குடியேறிய ஆசிரியர், 1950களின் நடுவில் அங்கே உட்கார்ந்து எழுதியதுதான் 'ஆதிம் ரிபு'. தொலைவில் இருந்தவர் என்பதால் நகரத்தைப் பற்றி இனிமையாக எழுதியிருக்கலாம். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் செய்வது அதுதானே? அவர் செய்யவில்லை.

இப்போது விட்டுவிட்ட விஷயம். குற்றவாளியைத் துப்பறிகிறவன் விடுவது புதுமை இல்லை. ஹோம்ஸ் திருடனையும் விட்டிருக்கிறார், கொலை செய்தவனையும் விட்டிருக்கிறார். 1934இல் அகதா கிறிஸ்டியின் பாய்ரோ ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் செய்ததும் ஏறக்குறைய அதுவே. அங்கெல்லாம் நமக்கு உறுத்தாது. செத்தவன் படுபாவி, கொன்றவர் நல்லவர் என்று கதாசிரியர் முன்பே ஏற்பாடு செய்துவிடுவார்; புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். 'ஆதிம் ரிபு' அந்த நிம்மதியைத் தருவதில்லை. அனாதி ஹல்தார் படுபாவிதான், சந்தேகமில்லை. கொன்ற கை மட்டும் சுத்தமா என்றால், அதுவும் இல்லை. காமத்தைச் சுட்டும் தலைப்பு செத்தவரைக் குறிக்கிறதா கொன்றவரைக் குறிக்கிறதா என்று கேட்டால் நாவல் இரண்டு பேரையும் காட்டுகிறது. ஆகவே "இது மன்னிப்பு" என்று உருகிய நண்பர்களே, நீங்களும் சரியாகப் படிக்கவில்லை என்பது என் எண்ணம். மன்னிப்பதற்குக் கொலையாளியிடம் ஏதாவது நன்மை தென்பட வேண்டும். பியோம்கேஷுக்கு அப்படி எதுவும் தென்பட்டதாக நாவலில் நான் பார்க்கவில்லை.

பிறகு ஏன் விட்டான்? அதற்கு நாவலுக்கு வெளியே கொஞ்சம் போய்வர வேண்டும்.

பியோம்கேஷ் குடியிருந்தது ஹாரிசன் ரோடு, இன்றைய மகாத்மா காந்தி ரோடு. அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது ஆம்ஹர்ஸ்ட் தெரு. 1868இல் அந்தத் தெருவில் ரோஸ் பிரவுன் என்ற பெண் கொலையுண்டு கிடந்தாள். அந்த வழக்கு கிளப்பிய பரபரப்பில்தான் அதே ஆண்டு கல்கத்தாப் போலீஸில் துப்பறிவதற்கென்று தனிப் பிரிவு உண்டாயிற்று. பிறகு அந்தப் போலீஸில் வேலை பார்த்த பிரியநாத் முகோபாத்யாய் தன் வழக்குகளை 'தாரோகார் தப்தர்' என்று தொடராக எழுத, வங்காளத்தில் துப்பறியும் எழுத்தே ஒரு தொழிலாக வளர்ந்தது. ஒற்றைப் பெண்ணின் பிணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்த நகரம் இது.

78 ஆண்டு கழித்து, 1946 ஆகஸ்ட் 16 அன்று, அதே தெருக்களில் வெட்டும் குத்தும் தொடங்கின. நாலு நாளில் செத்தவர்கள் குறைந்த கணக்கில் நாலாயிரம். கூடிய கணக்குகள் பத்தாயிரத்தைத் தொடும். இதை விசாரிக்க ஃபெடரல் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் பேட்ரிக் ஸ்பென்ஸ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். சாட்சிகளை வரிசையாகக் கூப்பிட்டார்கள், பக்கம் பக்கமாக வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். விடுதலை நெருங்கியது. அறிக்கை என்று ஒன்றைக் கொடுக்காமலே குழு கலைந்தது. யார் குற்றவாளி என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அனாதி ஹல்தாரின் கொலைக்கு முடிவு எழுதும்போது சரதிந்து இந்த அறிக்கை வராத கதையை மனத்தில் வைத்திருந்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகரத்தின் நாலாயிரம் கொலைகளை விட்டுவிட்டுச் சுதந்திரக் கொடி ஏறியது. நாலாயிரத்து ஒன்றாவது கொலையைப் பியோம்கேஷ் விட்டுவிடுகிறான். அதை மட்டும் பிடித்துக்கொடுத்து, விலங்கு மாட்டி, நீதி நிலைத்தது என்று கதையை முடித்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். 1932இல் அப்படி முடிக்கலாம். அப்போது போலீஸ் வெள்ளைக்காரனுடையதாக இருந்தாலும், குற்றத்துக்கும் தண்டனைக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது என்று வாசகன் நம்பினான். 1947இல் அந்த நம்பிக்கையை எங்கே போய்க் கடன் வாங்குவது? துப்பறிகிறவனை வைத்தே தீர்ப்பு இல்லாத ஊரைக் காட்டிவிட்டார் சரதிந்து. இதை நான் கருணை என்று சொல்ல மாட்டேன். கருணையைவிடக் கசப்பானது. எனக்கு நாவல் பிடித்ததும் அதனால்தான்.

வங்கி நண்பரின் நோட்டு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அனாதி ஹல்தாரின் பணம் யுத்த காலத்துக் கறுப்புப் பணம். (அது எங்கே, எப்படி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்பது நாவலின் அருமையான தந்திரம், சொன்னால் பாதிக் கதை போய்விடும்.) 1946 ஜனவரியில் அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டு 500, 1000, 10000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. 2016 நவம்பரில் நாமெல்லாம் வங்கி வாசலில் வரிசையில் நின்றோமே, அதற்கு 70 ஆண்டு முந்தைய பதிப்பு. கறுப்புப் பணம் வைத்திருந்தவனுக்கு நூறு ரூபாய் நோட்டும் அதற்குக் கீழே உள்ளதும்தான் மிஞ்சின. நாவலில் பணத்தை ஒளிப்பது அவ்வளவு இடத்தை அடைக்கும் காரியமாக இருப்பதை இந்தச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்கலாம்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அனாதி ஹல்தார் கற்பனைப் பாத்திரம். அவரைப் போன்றவர்கள் கற்பனை இல்லை. 1943 பஞ்சத்தை விசாரித்த ஜான் உட்ஹெட் கமிஷன் 1945இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஆண்டு அரிசி வாங்கி விற்றதில் கிடைத்த கொள்ளை லாபம் சுமார் 150 கோடி ரூபாய். செத்தவர்கள் அதே கமிஷனின் மதிப்பீட்டில் சுமார் 15 லட்சம். ஒரு பிணத்துக்கு ஆயிரம் ரூபாய் லாபம் என்று அரசாங்கக் கமிஷனே வகுத்துக் காட்டியது. செத்தவர்கள் 30 லட்சம் என்கிறார் பின்னால் கணக்கிட்ட அமர்த்திய சென். அப்படியானால் பிணத்துக்கு ஐந்நூறு. அந்த லாபத்தைச் சம்பாதித்தவர்களில் எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள்?

"எரிக்காமல் அகதிகளுக்குக் கொடுத்திருக்கலாமே" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வங்கியில் வேலை பார்த்தவர், பணத்துக்கு நிறம் கிடையாது என்று நம்புகிறவர். பியோம்கேஷ் அப்படி நம்பவில்லை. எரித்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரியில்லை என்பேன். கறுப்புப் பணமானாலும் பசித்தவனுக்கு அரிசி வாங்கும். ஆனால் அந்த இடத்தில் நின்ற அந்த மனிதன் அதைத்தான் செய்திருப்பான். ஏன் என்பதற்கான காரணத்தை ஆசிரியர் நாவலுக்குள்ளேயே வைத்திருக்கிறார். கூட்டத்தில் யாரும் அதைத் தொடாதது எனக்கு ஆச்சரியம்.

பியோம்கேஷின் அப்பா அம்மாவைப் பற்றி நமக்குத் தெரிய வருவதே இந்த நாவலில்தான். அதுவரை அவனுக்கு ஒரு பிள்ளைப் பருவம் இருந்ததாகவே நாம் நினைத்ததில்லை. அப்பா மகாதேவ் பக்ஷி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் சாங்கிய தத்துவம் படிப்பவர். அம்மா வைணவக் குடும்பத்துப் பெண். பியோம்கேஷுக்குப் பதினேழு வயதாகும்போது இருவரும் காசநோயில் போய்விட்டார்கள். உபகாரச் சம்பளத்தில் படித்து மேலே வந்தான். துப்பறியும் கதையில் துப்பறிகிறவனின் அப்பா எதற்கு? வேறு எந்தக் கதையிலும் சொல்லாததை இங்கே ஏன் சொல்ல வேண்டும்?

ஏனென்றால் 'ஆதிம் ரிபு' அப்பாக்களைப் பற்றிய நாவல். அனாதி ஹல்தார் யாருடைய மகன், யாருக்கு அப்பா, அவர் தன் அப்பாவிடமிருந்து எதை எப்படிப் பெற்றார் என்ற முடிச்சு அவிழும்போதுதான் கொலையின் உண்மையான அருவருப்பு தெரிகிறது. அந்த முடிச்சை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை, படித்தவர்கள் புரிந்துகொள்வீர்கள். ஒரு பக்கம் பணத்தையும் காமத்தையும் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றும் குடும்பம். இன்னொரு பக்கம் கணக்கையும் தத்துவத்தையும் தவிர ஒன்றும் விட்டுப்போகாத வாத்தியார். அந்த வாத்தியாரின் பிள்ளை அந்தக் குடும்பத்துப் பணத்தைத் தொட்டு நல்ல காரியத்துக்குச் செலவழிப்பானா? நெருப்பில்தான் போடுவான். குழுவில் இதை "வெறும் சாக்கடை" என்று தூக்கி எறிந்தவர்கள், பியோம்கேஷ் தன் வீட்டைப் பற்றிப் பேசும் பக்கங்களை மட்டும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். இருட்டு அடர்த்திதான். ஆனால் விளக்கை ஆசிரியர் எங்கே வைத்திருக்கிறார் என்பது அப்போது தெரியும்.

இனி அமுங்கிப்போன அந்த மூன்றாவது குரல். பள்ளி ஆசிரியையான நம் சகோதரி சொன்னார்: "ஷியூலியை இரண்டு ஆண்கள் விரும்புகிறார்கள், அதனால் கொலை நடக்கிறது, ஆனால் அவள் யார்?" யாரும் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி. கதையைப் பியோம்கேஷின் நண்பன் அஜித் சொல்கிறான். அஜித்துக்குத் தெரிந்தது அவள் குரலும் முகமும் மட்டும். மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசுவதைத்தான் கேட்கிறோம். நனிபாலா பரவாயில்லை, வளர்த்த பாசத்தோடும் சந்தேகத்தோடும் உயிராக இருக்கிறாள். ஷியூலி காரணமாக இருக்கிறாளே தவிர மனுஷியாக இல்லை. காலம் அப்படி என்று சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அந்தக் காலத்திலேயே நன்றாக எழுதியவர்கள் வங்காளத்தில் இருந்தார்கள்.

என் பங்குக்கு இன்னொரு குறையும் சொல்கிறேன். 1946 கொல்கத்தாவில் நடக்கும் நாவலில் முக்கியமான பாத்திரங்கள் எல்லாரும் ஒரே சமூகத்தவர்கள். கலவரத்தின் இன்னொரு பாதி சத்தமாக மட்டும் கேட்கிறது, முகமாக வரவில்லை. தீர்ப்பு இல்லாத நகரத்தைக் காட்டத் துணிந்த ஆசிரியர், அந்த நகரத்தின் பாதியைத்தான் காட்டினார். நாவலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்கள் இதற்கும் ஒரு பதில் தயார் செய்து வர வேண்டும்.

படங்களை வைத்து வழக்காட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1993இல் தூர்தர்ஷனில் பாசு சாட்டர்ஜி எடுத்த தொடரில் ரஜித் கபூர் நடித்த பியோம்கேஷ் நம்மில் பலருக்கு முதல் அறிமுகம்; அவர் முகத்தில் இருந்த சாந்தத்தைப் புத்தகத்திலும் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. அஞ்சன் தத் 2010இல் இதே நாவலைப் படமாக்கினார். பார்க்கலாம், தவறில்லை. சரதிந்துவின் இன்னொரு பியோம்கேஷ் கதையை வைத்துச் சத்யஜித் ராய் 1967இல் எடுத்த 'சிரியாகானா' இயக்கத்துக்குத் தேசிய விருது வாங்கிய படம், ராய்க்கே அதில் திருப்தி இல்லை. ஒரு மகா கலைஞருக்கே இந்த ஆசிரியரைப் படமாக்குவது அவ்வளவு பாடு என்றால், படத்தைப் பார்த்துவிட்டு "நாவலும் இப்படித்தானே" என்று கூட்டத்தில் பேசுவது எப்படிச் சரியாகும்?

கடைசியாக ஒரு முன்மொழிவு. நம்மில் சிலர் "இனிமேல் இந்த மாதிரிப் புத்தகம் வேண்டாம், நல்லதாக ஏதாவது எடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அதை எதிர்க்கிறேன். அடுத்த மாதத்துக்கு சரதிந்துவின் 'சஜாருர் காண்டா'வை எடுக்கலாம். 1960களின் கதை. முள்ளம்பன்றியின் முள்ளால் குத்தித் தொடர்கொலைகள். களம் நம் பேட்டைதான், கோல் பார்க்கும் ரவீந்திர சரோபரும். அப்போது பியோம்கேஷும் ஹாரிசன் ரோட்டை விட்டுத் தெற்கே வந்து கேயாதலாவில் வீடு கட்டிக்கொண்டிருப்பான். நமக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. வங்க மொழியில் படிக்க முடிந்தவர்கள் வங்க மொழியிலேயே படியுங்கள். முடியாதவர்கள் ஆங்கிலத்தில் படியுங்கள், அல்லது தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கதையில் முதலில் சாகிறவன் ஒரு பிச்சைக்காரன். சரதிந்து அவனுக்குப் பெயர் வைத்திருக்கிறார். கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். சண்டையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் குழுவின் பழைய உறுப்பினர் ஒருவர்
கொல்கத்தா